ஏழாம் வினாவுக்குக் கீழே

இரண்டாம் தவணைப் பரீட்சையின் இணைந்த கணித வினாத்தாளில், ஏழாம் வினாவுக்குக் கீழே, எங்கள் வீட்டு விஷயம் ஒரு வரி அச்சாகிவிட்டது. தாளைத் தயாரித்தவன் நான். எங்கள் பாடசாலைக்கும் பக்கத்துப் பாடசாலைகள் இரண்டுக்கும் கட்டுக் கட்டாக அது போய்ச் சேர்ந்திருந்தது. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றதும் நான்தான்.

தாள் கொடுத்து அரை மணித்தியாலம் இருக்கும். இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து நின்றாள். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கேள்வி கேட்கக் கூச்சப்படாத பிள்ளை.

"சேர், ஏழாம் கேள்வியில கடைசிப் பகுதி விளங்கல்ல."

மேலே எடுத்த விடையை வைத்துத்தான் உய்த்தறிய வேண்டும் என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

"அது விளங்குது சேர். அதுக்குக் கீழ ஒண்டு கிடக்கு. ஆரைக் கதைக்கச் சொல்லியிருக்கு? அதுக்கும் புள்ளி இருக்கா?"

மண்டபம் முழுவதும் தாள் புரளும் சத்தம் கேட்டது. நான் மேசையில் கிடந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். சாய்தளம் ஒன்றில் வழுக்கும் துணிக்கை பற்றிய வினா. "துணிக்கை ஓய்வுக்கு வர எடுக்கும் நேரத்தை உய்த்தறிக" என்று முடிந்திருந்தது. அடுத்த வரியில், அதே எழுத்துருவில், அதே அளவில், ஓரம் பிசகாமல் இப்படி இருந்தது: உன்ர குரல் கேட்டு எத்தினை நாள். ஒருக்கா என்னோட கதை பிள்ளை.

அந்த வரியை வெட்டிவிடும்படி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த வரி என் மூத்த மகளுக்கு எழுதியது. அவள் நோர்வேயில் இருக்கிறாள். கணிதத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனவள். அவளுக்கு எழுதிய வரி வினாத்தாளுக்குள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், நானும் அவளும் தாள் தயாரித்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். பழைய வினாக்கள் எல்லாவற்றையும் கணினியில் தட்டிச் சேர்த்து வைத்திருந்தேன், எல்லாம் பாமினி எழுத்துருவில். எங்கள் பக்கத்தில் கலியாணக் காட் முதல் கண்ணீர் அஞ்சலி வரை அந்த எழுத்துருவில்தான் ஓடியது. அது உண்மையில் தமிழ் எழுத்தல்ல. ஆங்கில எழுத்துக்கும் குறிக்கும் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். கணினிக்குத் தெரிவது உள்ளே இருக்கும் ஆங்கிலக் குறி. போர்வை நமக்கு. சமன்பாடுகளைத் தனித்தனிப் பெட்டியாகச் செய்து வசனங்களுக்கு இடையில் ஒட்டுவேன். வீட்டில் ஒழுங்காக இருக்கும் தாள், பாடசாலைக் கந்தோர்க் கணினியில் திறந்தால் குலைந்து போகும். பின்னக்கோடு மேலே ஏறி நிற்கும். தொகையீட்டுக் குறி வெறும் சதுரமாகிவிடும். பிழையாக அடித்த தாள்களை மதிலோரம் போடுவோம். திருகோணமலை நகருக்குள் திரியும் மான்கள் வந்து மென்றுகொண்டு நிற்கும்.

மகள் பட்டம் முடித்து, வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டு, ஒரு வருடம் பாலையூற்றில் எங்களோடு வீட்டில் இருந்தாள். அவள்தான் என் கணினியில் லேடெக் என்ற மென்பொருளைப் போட்டுத் தந்தாள். கணிதம் எழுதுகிறவர்கள் உலகமெங்கும் அதில்தான் எழுதுகிறார்கள் என்றாள். அதில் நாம் பக்கத்தை நேரே செய்வதில்லை. "இங்கே பின்னம், மேலே இது, கீழே இது" என்று கட்டளையாக எழுதுகிறோம். ஓட விட்டால் அது பக்கத்தை அமைத்துத் தரும். எந்தக் கணினியில் திறந்தாலும் பின்னக்கோடு அசையாது.

என் பழைய வினாக்களை மறுபடி தட்டத் தேவையில்லை என்றும் சொன்னாள். பாமினி எழுத்துருவையே அதற்குள் கொடுத்து, வினாக்களை அப்படியே வெட்டி ஒட்டினாள். ஒட்டி, ஓட விட்டாள்.

முதற் பக்கத்தில் சார்பு வேகம் பற்றிய வினா ஒன்று இருந்தது. திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் படகு, காற்று, நீரோட்டம் எல்லாம் சொல்லி ஆறு வரி. திரையில் "ஒரு படகு திருகோணமலையிலிருந்து" என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு வந்தது அடுத்த வினா. இணைகரம் பற்றிய வினாவில் "இணைகரத்தின்" என்பதோடு நின்றுவிட்டது. கூட்டல் விருத்தி பற்றிய வினா முழுவதும் சரிந்து, சொற்களுக்கிடையில் வெளியே இல்லாமல் ஒரே நீட்டாகக் கிடந்தது. சூத்திரம் என்ற சொல் வந்த இடத்தில் மென்பொருள் நின்றுவிட்டது.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். நான் பாடசாலையால் வந்ததும் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருப்பேன். இரண்டாம் நாள் பின்னேரம் அவள் திடீரென்று மேசையில் தட்டிச் சிரித்தாள்.

"அப்பா, உங்கட ஊகாரம் எல்லாம் அங்க பெரிய அதிகாரியள்."

பாமினியில் மூ என்ற எழுத்து உள்ளுக்குள் சதவீதக் குறி. லேடெக்கில் சதவீதக் குறி கண்டால், அந்த வரியில் அதற்குப் பிறகு உள்ள எதையும் அச்சிடாதே என்று அர்த்தம். எழுதுகிறவர் தனக்கோ, கூட எழுதுகிறவருக்கோ குறிப்பு வைப்பதற்கு அது. எனவே மூதூர் என்ற இடத்தில் படகு காணாமல் போனது. மூலைவிட்டம் போனது. மூன்று போனது. கூ என்பது உள்ளே டொலர் குறி. அதைக் கண்டால் இனி வருவது கணிதம் என்று அது எடுத்துக்கொள்ளும். சூவும் ரூவும் டூவும் அப்படியே ஒவ்வொரு கட்டளை. அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கும் அந்த எழுத்துருவைச் செய்தவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டு பேரும் விசைப்பலகையில் மிஞ்சிக் கிடந்த குறிகளை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"அப்ப, மூத்தவள் எண்டு எழுதினா நீயும் இல்லாமல் போயிடுவாய்" என்றேன் நான்.

"போவன். இளையவள் நிப்பாள்."

இளையவள் அப்போது கொழும்பில் தாதியர் பயிற்சியில் இருந்தாள். அவளுக்குப் போன் எடுத்து இந்தப் பகிடியைச் சொல்ல, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் இருவருக்கும் மட்டும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. பிறகு மகள் ஒரு சிறு நிரல் எழுதி, என் வினாக்கள் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றித் தந்தாள். படகு மூதூருக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த ஒரு வருடத்தை நான் நன்றாகச் செலவழித்தேன் என்று சொல்ல முடியாது. பாதி நாள் அவளோடு சண்டை. அடைப்புக்குறி மூட மறப்பேன், முழுத் தாளும் ஓடாது, அவள் ஏசுவாள். "நீங்கள் பிள்ளையளுக்கு அடைப்பு மூடேல்லை எண்டு புள்ளி வெட்டுறனீங்கள் தானே" என்பாள். குசினியிலிருந்து மனைவி, கணக்குக்கும் கணக்குக்கும் சண்டை என்பாள். மகளை விமானம் ஏற்றிவிட்டு வந்த நாளில் நான் செய்த முதல் வேலை, கணினியைத் திறந்து, மூடாத அடைப்பு ஒன்றை வைத்து ஓட விட்டதுதான். பிழைச் செய்தி சிவப்பில் வந்தது. ஏசுவதற்கு ஆள் இல்லை.

போன பிறகும் தாள் தயாரிப்பதை நாங்கள் விடவில்லை. ஒரே கோப்பை இரண்டு பேர் இரண்டு இடத்தில் இருந்து திறந்து எழுதக்கூடிய தளம் ஒன்றில் அவள் கோப்பை ஏற்றிவிட்டாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். அவள் உள்ளே வந்தால், அவள் நிற்கும் இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கோடு துடிக்கும். நான் நான்காம் வினாவில் நிற்க, பச்சைக் கோடு முதலாம் வினாவில் இறங்கி, ஒவ்வொரு வரியாக வரும். என் பிழையில் நிற்கும். திருத்தும். போகும். சதவீதக் குறி போட்டு அதன் பின்னால் "சாப்பிட்டியா?" என்று எழுதுவேன். "ஓம். நீங்கள்?" என்று கீழே வரும். தாளை முடிக்கும்போது அவள் அந்தக் குறிப்புகளை எல்லாம் அழித்துவிட்டு, பக்கம் பக்கமாகப் பார்த்து, அச்சுக்கான பிரதியை எடுத்து அனுப்புவாள். அப்போதெல்லாம் இது மேலதிகம். குரல் கேட்பதற்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை போன் இருந்தது.

மாசி மாதம் அவள் பனியில் வழுக்கி விழுந்தாள். பஸ் எடுக்கப் போகும் வழியில், பின்தலை கல்லில் பட விழுந்தாள். போன் நொருங்கிவிட்டது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. போன் எடுத்தால் போகவில்லை. நாலு நாள். நான் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியாக யார் எப்போது திருத்தினார் என்று அந்தத் தளம் காட்டும். முதல் நாள், நேற்று என்று காட்டியது. பிறகு இரண்டு நாட்களுக்கு முன்பு. பிறகு மூன்று. அந்த எண் மாறுவதைப் பார்த்த என் கண்ணை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவளோடு ஒரே வீட்டில் இருந்த பிள்ளை ஒருத்தி எங்களைத் தேடிப் பிடித்துச் செய்தி சொன்னபோது, நான் பெரியாஸ்பத்திரி வாட்டில் கிடந்தேன். நாலாம் நாள் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றவாறே விழுந்திருக்கிறேன். பிரஷர்.

அவள் பிழைத்தாள். நானும் எழுந்து வீட்டுக்கு வந்தேன். ஆனால் கை நடுக்கம் முழுதாகப் போகவில்லை. போன் அடித்தால் மனைவிதான் எடுக்கிறாள்.

அவள் ஆஸ்பத்திரியால் வந்து முதல் முறை என்னோடு கதைத்தது எனக்கு மறக்காது. நன்றாகத்தான் கதைத்தாள். தான் இருக்கும் அறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவள், "இஞ்ச ஜன்னலுக்கு ஒரு, ஒரு…" என்று நின்றாள். சொல் வரவில்லை. நான் ஒரு விநாடி பொறுத்திருப்பேனா தெரியாது. "பிள்ளை? பிள்ளை? என்ன செய்யுது?" என்று கத்தி, மனைவியைக் கூப்பிட்டு, போன் கைதவறி நிலத்தில் விழுந்து, அமளி. அவள் தேடிய சொல் திரைச்சீலை. மனைவி போனை எடுத்துக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு போனில் கதைப்பது குறைந்தது. பிறகு நின்றது. தாயோடு கதைத்தாள். நான் கிட்டப் போனால், தாய் "இந்தா, அப்பா நிக்கிறார்" என்று போனை நீட்டுவாள். "சுகம் அப்பா. நீங்கள் சுகமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இரண்டு வசனம், இரண்டிலும் தடங்கல் வராது. அவள் அதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துச் சொல்வதுபோல் எனக்குப் படும்.

ஆனால் கோப்புக்குள் வந்தாள். சித்திரை விடுமுறை முடிந்த கையோடு, ஒரு நாள் பின்னேரம், பச்சைக் கோடு திரும்பவும் துடித்தது. அன்று நான் எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த கப்பல் ஒன்று ஊதியது. திரும்பி வந்தபோது கோடு இரண்டாம் வினாவில் நின்றது. என் பிழை ஒன்று திருத்தப்பட்டிருந்தது.

அதிலிருந்து எனக்கு அதுவே சீவியமாகிவிட்டது. பாடசாலையால் வந்து, போட்டிருந்த சேட்டைக் கழற்றாமலே கணினியைத் திறந்து, வகுப்புக்கான பயிற்சித் தாள்களை எழுதத் தொடங்குவேன். அவள் வரும் நேரம் நாலு மணிக்குக் கிட்ட. வந்தால் இருபது இருபத்தைந்து நிமிடம் நிற்பாள். அவள் அதிக நேரம் நிற்கட்டும் என்று நான் ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. தெரிந்துகொண்டே பிழை விட்டேன். கழித்தலுக்குச் சய வர வேண்டிய இடத்தில் கூட்டலுக்குரிய சக போட்டேன். அடைப்பு மூடாமல் விட்டேன். அவள் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்துவாள். சதவீதக் குறிக்குப் பின்னால் நான் எழுதுவதும் நீண்டது. அங்கே குளிரா, தலை இடிக்கிறதா, தனியாக வெளியில் போகிறாயா, வைத்தியர் என்ன சொன்னார். பதில் எப்போதும் ஒரு சொல்: சுகம்.

இரண்டாம் தவணைத் தாள் தொடங்கியபோது அவள் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. சுகமா என்று மனைவியிடம் கேட்டேன். சுகம்தான், இண்டைக்கும் கதைச்சவள் என்றாள். அப்படியானால் ஏன் வரவில்லை? என் குறிப்புகள் அவளுக்குப் பாரமாகிவிட்டதா? ஏழாம் வினாவை எழுதி முடித்துவிட்டு, ஒரு நீண்ட குறிப்பு எழுதினேன். சதவீதக் குறி போட்டு, கோவமா என்று கேட்டேன். உன்னைப் பயப்படுத்தினதுக்கு மன்னி என்று எழுதினேன். அந்த இடத்தில் கண் மங்கி, கை பழக்கத்தில், புது வரிக்கான விசையைத் தட்டிவிட்டு மிச்சத்தை எழுதினேன். சதவீதக் குறியின் அதிகாரம் அந்த வரியோடு முடிகிறது. அடுத்த வரிக்கு இன்னொரு குறி போட வேண்டும். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வரியிலும் சமன் குறி போடு என்று கத்துகிறவன் நான்.

தாள் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. நானே ஓட விட்டு எடுத்தேன். பார்த்தும் பார்த்தேன், ஆனால் சமன்பாடுகளை மட்டும் பார்த்தேன். வசனங்களை அவள் பார்த்திருப்பாள் என்ற பழைய நினைப்பு. பென் டிரைவில் போட்டுக் கந்தோரில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பரீட்சை நடந்த அன்று பிரதி அதிபர் என்னைக் கூப்பிட்டார். கண்டிப்பான மனிசி. ஏழாம் வினாவை மேசையில் விரித்து, அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு, தனக்கும் ஒரு பொடியன் துபாயில் இருக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். நான் வெளியே வந்தேன். மாணவர்கள் விடுவார்களா. நான் நடந்துபோகும்போது மாடியிலிருந்து யாரோ, "ஒருக்கா கதை பிள்ளை" என்று என் குரலைப் போலவே இழுத்துச் சொன்னான். நன்றாகத்தான் செய்தான்.

வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பகிடிபோலச் சொல்லத் தொடங்கி, முடிவில் பகிடியாக இல்லை. அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"இஞ்ச பாருங்கோ. நான் ஒண்டு சொல்லுவன். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழக்கூடாது."

நான் தலையாட்டினேன்.

"அவளுக்கு இன்னும் திரை பாக்க ஏலாது. பாத்தா தலை சுத்தும், சத்தி வரும். டொக்டர் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலந்தான் விட்டிருக்கிறார். அவ்வளவும் உங்கட கோப்புக்குத்தான் போனது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அரை மணித்தியாலத்தில் தன் ஆராய்ச்சியைப் பார்த்தாளா என்று கேட்டேன்.

"எங்க பாக்கிறது? உங்கட தாளில அவ்வளவு பிழையாம். முந்தி இப்பிடி விடமாட்டாராம், அப்பாக்கு ஏதோ செய்யுது, ஆரும் பாக்காட்டிப் பிள்ளையளுக்குப் பிழையாப் போகுமாம். அதைத் திருத்திப்போட்டு இருட்டறையில படுப்பாளாம். போன மாசம் டொக்டர் பேசி, அதையும் நிப்பாட்டிப்போட்டார்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"உங்களுக்கா?" என்றாள். மீனிடம் போய்விட்டாள்.

நான் கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். அந்தத் தளம் பழைய திருத்தங்கள் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறது. சித்திரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் வேண்டுமென்று போட்ட சக. அவள் மாற்றிய சய. நான் மூடாமல் விட்ட அடைப்பு, அவள் மூடிய அடைப்பு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே நேரம் இருந்தது. நாலு மணி மூன்று நிமிடம். நாலு மணி பதினொன்று. அரை மணித்தியாலம் தாண்டிய நாட்களும் இருந்தன. என் பிழைகள் கூடிய நாட்கள் அவை. அவற்றை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டேன்.

மனைவி அவளுக்குப் போன் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மேசையில் எனக்கு முன்னால் வைத்தாள். அங்கே பகல் ஒரு மணி. கோடைகாலத்தில் அந்த நாட்டில் வெளிச்சம் போகாதாம். அவளுக்கு அதுவும் ஆக்கினை. திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பதாகச் சொன்னாள்.

தாளில் நடந்ததைச் சொன்னேன். கிண்ணியாப் பிள்ளை புள்ளி இருக்கா என்று கேட்டதைச் சொல்ல, அவள் சிரித்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று எனக்குப் பட்டது. பிறகு, இனிமேல் கோப்புக்குள் வரக்கூடாது என்று சொன்னேன். நான் வேண்டுமென்று பிழை விட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவள் "எனக்குத் தெரியும் அப்பா" என்றாள்.

"தெரிஞ்சுமா?"

"முதல் கிழமையே தெரியும். நீங்கள் சகவும் சயவும் மாத்திற ஆளில்லை. எனக்கும், எனக்கும் வந்து…" சொல் தேடினாள். எனக்கு வாய் திறந்துவிட்டது. குசினி வாசலில் மனைவி நின்று என்னைப் பார்த்தாள். வாயை மூடினேன். அந்தப் பக்கம் ஏதோ வாகனம் மணியடித்துக்கொண்டு போனது. அவள் மூச்சு விட்டாள். "வர விருப்பமாயிருந்தது. அந்தப் பிழை விடுறது ஒண்டிலதான் நீங்கள் பயப்பிடாமல் இருந்தீங்கள்."

வீட்டுக்கு வருவாயா என்று கேட்டேன். இத்தனை மாதமும் சதவீதக் குறிக்குப் பின்னால்கூட எழுதத் துணியாத கேள்வி அது. இப்ப ஏலாது அப்பா என்றாள். விமானத்தில் தலைக்குள் அழுத்தம் கூடுமாம். அடுத்த வருடமும் நிச்சயமாகச் சொல்ல ஏலாதாம். படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைக்க எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அதையும் தாய்க்குச் சொல்லியிருக்கிறாள். நான் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றேன். நெஞ்சைப் பிடிக்கவில்லை, கதிரையில்தான் இருந்தேன்.

போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வைக்கவில்லை. மூன்றாம் தவணைக்கு என்ன போடப்போகிறீர்கள் என்று கேட்டாள். தொகையீட்டில் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"வாசியுங்கோ. கண்ணை மூடிக்கொண்டு கேக்கலாம். அதுக்கு டொக்டர் ஒண்டும் சொல்லேல்ல."

நான் கொப்பியை எடுத்தேன். இருபது வருடம் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாசித்தவனுக்கு, எழுதாமல் வாசிப்பது புதிதாக இருந்தது. எங்கே நிறுத்துவது, எங்கே சேர்ப்பது என்று ஒவ்வொரு சொல்லாக யோசிக்க வேண்டியிருந்தது.

"தொகையீடு, பூச்சியத்திலிருந்து ஒண்டு வரை. எக்ஸ். பெருக்கல், அடைப்புக்குள்ள ஒண்டு சய எக்ஸ். அடைப்பு முடியுது. அந்த அடைப்பின்ர அடுக்கு ஒன்பது."

அந்தப் பக்கம் சத்தமில்லை. மின்விசிறி சுற்றியது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேசையில் இருந்த பேனை உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை. ஒரு நிமிடமா, மூன்று நிமிடமா தெரியவில்லை. அவள் பெயரைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது.

"எக்ஸ் அடைப்புக்கு வெளியில, என்ன?" என்று கேட்டாள்.

"ஓம். வெளியில."

"சரி. இருங்கோ."

இருந்தேன்.